கிளி இல்லாத சீட்டுக்கட்டு

46 வயதில் வீணை கற்க ஆரம்பித்தவள் நான். ஸ்வரங்களை இரண்டிரண்டாக வாசிக்கும் ஜண்டை வரிசையில், மூன்றாம் காலத்தின் வேகத்தில் விரல் தடுக்கி விழுந்துகொண்டிருந்த நாட்களில், தங்கை மகள்தான் சொன்னாள்: "பெரியம்மா, ஒரு டாரட் கட்டு வாங்கி வச்சுக்கோங்க. ஜோசியத்துக்கு இல்ல, சும்மா யோசிக்கறதுக்கு." மேல்நாட்டில் பலன் பார்க்க எடுக்கும் படச்சீட்டுக் கட்டு அது. ஆன்லைனில் 450 ரூபாய்க்கு வாங்கினேன். பிரித்துப் பார்த்ததும் அம்மா கேட்டாள்: "கிளி எங்கேடி?"

இப்போது மூன்று மாதமாக, காலையில் வீணை சாதகத்துக்கு உட்காரும் முன் ஒரு சீட்டு எடுக்கிறேன்.

1909-இல் லண்டனில் வெளிவந்த ரைடர்-வெயிட்-ஸ்மித் கட்டின் படங்கள்தான் இதிலும். வரைந்தவர் பமீலா கோல்மன் ஸ்மித். ரம்மி சீட்டில் இருப்பது போல டாரட்டிலும் காசு, கோப்பை என்று இனங்கள் உண்டு. இந்தக் கட்டுக்கு முந்தைய கட்டுகள் பெரும்பாலானவற்றில் எட்டுக் காசு என்றால் எட்டுக் காசுதான் இருக்கும், நம் ரம்மி சீட்டு மாதிரி. இவர் அங்கே ஆட்களை உட்கார வைத்தார். வேலை பெரிது, கிடைத்த பணம் கொஞ்சம் என்று அந்த வருஷமே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார், பாவம்.

அந்த எட்டுக் காசு சீட்டுதான் எனக்குப் பிடித்தது. ஒருவன் பெஞ்சில் குனிந்து உட்கார்ந்து, சுத்தியும் உளியுமாகக் காசில் நட்சத்திரம் செதுக்குகிறான். முடித்தவை பக்கத்தில் மாட்டியிருக்கின்றன. ஊர் எங்கோ தள்ளித் தெரிகிறது. பாராட்ட ஒருத்தரும் இல்லை. சச ரிரி கக மம என்று நானும் அதையேதானே செய்கிறேன்!

கோப்பைச் சீட்டுகளில் இரண்டை அருகருகே வைத்துப் பாருங்கள். நாலில் ஒரு பையன் மரத்தடியில் கையைக் கட்டிக்கொண்டு முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறான். மேகத்திலிருந்து ஒரு கை கோப்பை நீட்டுவதைக்கூடக் கவனிக்கவில்லை. ஒன்பதில் இருப்பவரும் கையைக் கட்டித்தான் உட்கார்ந்திருக்கிறார், ஆனால் முகத்தில் அப்படி ஒரு நிறைவு. ஒன்பது கோப்பையும் அவர் முதுகுக்குப் பின்னால்! அவரும் அவற்றைப் பார்க்கவில்லை. இதை ஒரு வாரம் யோசித்தேன். பக்கத்து வீட்டுப் பெண் எனக்கு முன்னால் கீதம் என்ற மேல் பாடத்துக்குப் போனதை மறந்து வாசித்தது அந்த வாரம்தான்.

சரி, குறைகள். அச்சு சுமார், மஞ்சள் எல்லாம் பச்சையடித்திருக்கிறது. கூட வரும் குறிப்புப் புத்தகத்தின் எழுத்தைப் படிக்கக் கண்ணாடி போதாது, பூதக்கண்ணாடி வேண்டும். பெட்டி இரண்டாம் வாரமே கிழிந்தது. எண்ணிப் பார்த்தால் 78-க்குப் பதில் 77. காணாமல் போனவர் விளக்கேந்திய துறவி. அவருக்கு அது பொருத்தம்தான், ஆனால் எனக்குக் கோபம் வந்தது. விற்றவரிடம் கேட்டால் முழுக் கட்டையும் திருப்பி அனுப்பச் சொன்னார். அதற்குள் பழகிவிட்டதால் அனுப்பவில்லை.

பலன் கேட்க நினைப்பவர்களுக்கு இது வேண்டாம். யோசிக்க என்றால் வாங்கலாம், இன்னும் கொஞ்சம் காசு போட்டு நல்ல அச்சாக. என்னுடையது நீளம் அதிகம், ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளவும் செய்கிறது, கலைக்கவே வரவில்லை. இன்று காலையும் எட்டுக் காசுதான் வந்தது, இந்த வாரத்தில் மூன்றாம் தடவை.