அஸ்வெசும: கல்வீடும் கிடுகுக் குசினியும்

இலங்கையில் வறிய குடும்பங்களுக்கு அரசு கொடுத்துவந்த சமுர்த்தி உதவியின் இடத்துக்கு 2023 ஜூலையில் வந்த அஸ்வெசும கொடுப்பனவை, வன்னியில் எங்கள் சின்னம்மாவின் விண்ணப்பத்தோடு கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்துக்கும் வங்கிக்குமாக அலைந்தவன் என்ற முறையில் மதிப்பிடுகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். சமுர்த்தியில் கட்டாயச் சேமிப்பென்று ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டே மிச்சத்தைத் தருவார்கள். இதில் முழுத்தொகையும் நேரே வங்கிக் கணக்குக்கு வருகிறது. 2025 ஜனவரி முதல் வறியோருக்கான தொகை 8,500 ரூபாவிலிருந்து 10,000 ஆகவும், மிக வறியோருக்கானது 15,000 இலிருந்து 17,500 ஆகவும் கூட்டப்பட்டது.

குறை, ஆளைத் தெரிவுசெய்யும் முறையில்தான் இருக்கிறது. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு நிலை, குடும்ப அமைப்பு என்ற ஆறு விடயங்களில் 22 குறிகாட்டிகளை வைத்துப் புள்ளியிடுகிறார்கள். ஆள் பார்த்துப் பெயர் சேர்க்கும் பழைய வழக்கத்துக்கு அது கடிவாளம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வன்னியில் கல்வீடு வசதியின் அடையாளமல்ல. போருக்குப் பின் மீள்குடியேறியவர்களில் பலருக்கு வீடே உதவியாகக் கிடைத்தது. இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா கொடுத்தார்கள், அது போதாமல் கடன்பட்டுக் கூரை போட்டவர்கள் எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கிறார்கள். சின்னம்மாவின் வீடும் அப்படி எழுந்ததுதான். சீமெந்துத் தரை, ஓட்டுக்கூரை, உள்ளே இரண்டு பிளாஸ்டிக் கதிரை. சமையல் இன்னும் பின்புறத்துக் கிடுகுக் குசினியில். சீவியம் கச்சான் ஆயவும் களை பிடுங்கவும் போகும் நாட்கூலியில், அதுவும் மழை பிழைக்காத பருவத்தில் மட்டும்.

கணக்கெடுக்க வந்த பிள்ளை முன்வாசலில் நின்றே கூரையையும் சுவரையும் பதிந்துகொண்டு போய்விட்டது. (அந்தப் பிள்ளையில் பிழை சொல்ல முடியாது, படிவம் கேட்டதைத்தான் அது நிரப்பியது.) ஆகக் குறைந்த தொகையான 2,500 ரூபாவுக்குரிய நிலைமாறும் பிரிவில் சின்னம்மாவின் பெயர் வந்தது. மேன்முறையீடு செய்தோம். பதில் எப்போது வரும் என்று கேட்டால் செயலகத்தில் எவருக்கும் தெரியவில்லை. ஒவ்வொரு முறை விசாரிக்கப் போகும்போதும் சின்னம்மாவுக்கு ஒருநாள் கூலி போனது. மேன்முறையீட்டுக்குத் தவணை குறித்து எழுத்தில் கொடுத்தாலே இந்தச் சேவையின் பாதிக் குறை தீரும்.

மறுபடி விசாரிக்க வந்தவரைச் சின்னம்மா முன்வாசலால் கூட்டிப்போகவில்லை. வளவைச் சுற்றி நடத்திச் சென்று, குசினிக்குள் பலகை போட்டு இருத்தித் தேத்தண்ணி கொடுத்தார். அதன்பிறகு பாதிக்கப்படக்கூடியோர் பிரிவுக்கு மாற்றப்பட்டு 5,000 ரூபா கிடைத்தது.