ஸ்டோர்ஸ் மென்பொருள்: எல்லாம் இருக்கிறது, மாற்றுப் பாகத்துக்கு மட்டும் இடமில்லை

"ஏனுங்ண்ணா, உங்க மில்லுல ஓடுற அந்த ஸ்டோர்ஸ் சாஃப்ட்வேருக்கு எங்களுக்கும் கொட்டேஷன் வந்திருக்குது. வாங்கலாங்களா?" என்று உடுமலை பக்கம் ஒரு நூற்பாலையில் பராமரிப்பு பார்க்கும் நண்பர் கேட்டார். அதே வாரம்தான் எங்களுக்கும் வருடாந்திரப் புதுப்பிப்புக்கான பில் வந்திருந்தது. அதனால் என் பதிலில் கொஞ்சம் சூடு இருக்கும். இருந்தாலும் நல்லதை மறைக்கப் போவதில்லை.

வேலை உத்தரவு, பிரேக்டவுன் பதிவு, மொபைல் ஆப் எல்லாம் எந்த மென்பொருளிலும் ஏறக்குறைய ஒன்றுதான். வாங்கியபின் நாம் தினமும் மல்லுக்கட்டுவது பாகப் பதிவோடு, அதாவது ஸ்டோர்ஸில் உள்ள ஒவ்வொரு உதிரிபாகத்துக்கும் திறக்கும் கணக்கோடு. அதை மட்டும் சொல்கிறேன்.

அடிப்படை அமைப்பு ரொம்பவே நன்றாக இருக்கிறது. ஒரு பாகத்துக்கு ஒரே பதிவு. அதன் கீழே ஒவ்வொரு ஸ்டோர்ஸுக்கும் தனித்தனி இருப்பு வரி: எந்த ரேக், அதில் எந்த அறை (பின்), குறைந்தபட்சம் எத்தனை வைக்க வேண்டும் என்று. கையிருப்பு நான்கு என்றாலும், அதில் மூன்றை ஞாயிற்றுக்கிழமை ஓவர்ஹாலுக்கு ஒதுக்கியிருந்தால், எடுக்கக் கிடைப்பது ஒன்றுதான் என்று தனியாகக் காட்டும். இருப்பைக் கையால் அட்டையில் எழுதிய பின் கார்டு காலத்தில் ஃபிட்டருக்கும் ஸ்டோர்கீப்பருக்கும் வந்த பாதிச் சண்டை இதிலேயே தீர்ந்தது.

வாங்கும் அளவும் கொடுக்கும் அளவும் தனித்தனி. டிராவலரை (நூலை வழிநடத்தும் சின்னக் கொக்கி) பெட்டிக் கணக்கில் வாங்குகிறோம், பெட்டிக்கு 1,000. எங்கள் நூற்கும் இயந்திரமான ரிங் பிரேமில் 1,008 ஸ்பிண்டில் (நூல் சுற்றும் தண்டு), ஒவ்வொன்றுக்கும் ஒரு டிராவலர். ஒரு பெட்டியைப் பிரித்துக் கொடுத்தால் எட்டு குறையும். அடுத்த பெட்டியை உடைத்தாக வேண்டும். இருப்பைப் பெட்டியாக மட்டும் வைத்திருந்தால் உடைத்த பெட்டிகள் கணக்கில் வராமல் மூலையில் கிடக்கும். இங்கே அந்தத் தொல்லை இல்லை.

நான் எதிர்பார்க்காமல் கிடைத்தது 'எங்கே பயன்படுகிறது' என்ற பட்டியல். ஒரு பாகத்தைத் திறந்தால் அது எந்தெந்த இயந்திரத்தில் இருக்கிறது என்று வரிசையாக வரும். பஞ்சைச் சீவும் பழைய கார்டிங் இயந்திரங்களை விற்றபோது இதன் அருமை தெரிந்தது. அந்த இயந்திரங்களுக்கு மட்டுமே ஆகும் பாகங்கள் எவை, மற்றதற்கும் ஆகும் பெல்ட், பேரிங் எவை என்று பிரித்து எடுத்துவிட்டோம். தனிப் பாகங்களை இயந்திரத்தோடு சேர்த்து விலை பேசினோம். இல்லாவிட்டால் அவை இன்னும் எத்தனை வருடம் ரேக்கை அடைத்துக்கொண்டு ஸ்டாக் மதிப்பில் நின்றிருக்குமோ. இந்த ஒரு வசதிக்காக அந்த மென்பொருளை எழுதியவர்களுக்குக் கைகுலுக்கலாம்.

இப்போது என் வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன். இந்தப் பதிவில் தயாரிப்பாளர் பெயருக்கு ஒரு கட்டம், தயாரிப்பாளர் எண்ணுக்கு ஒரு கட்டம். அவ்வளவுதான். 'இதற்குப் பதில் இதைப் போடலாம்' என்று சொல்ல இடமே கிடையாது.

6205 பேரிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். உள்விட்டம் 25 மி.மீ., வெளிவிட்டம் 52, அகலம் 15. யார் செய்தாலும் இதே அளவுதான். ஆனால் இரண்டு பக்கமும் ரப்பர் சீல் வைத்ததற்குக் கம்பெனிக்கொரு பெயர். எஸ்கேஎஃப் பழைய பெட்டியில் 2ஆர்எஸ்1, புதுப் பெட்டியில் 2ஆர்எஸ்ஹெச். என்எஸ்கே என்றால் டிடியூ. என்டிஎன் என்றால் எல்எல்யூ. எஃப்ஏஜி என்றால் 2ஆர்எஸ்ஆர். சரக்கு வந்ததும் ஸ்டோர்ஸ் பையன் பெட்டியில் உள்ளதைத் தேடுவான், கிடைக்காது, புதுப் பதிவு திறப்பான். அவனைக் குறை சொல்ல முடியாது, மென்பொருள் அவனுக்கு வேறு வழி வைக்கவில்லை. இப்படி ஒரே பேரிங் பல பதிவுகளாகிவிடும். ஒவ்வொன்றுக்கும் தனிக் குறைந்தபட்ச அளவு. ஒரு பதிவில் தீர்ந்துவிட்டது என்று இண்டென்ட் (வாங்கக் கேட்கும் சீட்டு) ஓடும், இன்னொன்றில் சரக்கு தூங்கும்.

ஒரு நாள் இரவு ஷிப்டில் மோட்டார் பேரிங் போய்விட்டது. ஃபிட்டர் மொபைலில் 2ஆர்எஸ்1 என்று தேடினார். இருப்பு பூஜ்யம். டிடியூ பெட்டிகள் அதே ரேக்கில் ஒரு தட்டு கீழே இருந்தன. காலையில் ஸ்டோர்கீப்பர் வந்து கண்ணால் பார்த்து எடுத்துக் கொடுக்கும் வரை அந்த இயந்திரம் நின்றது.

உதவி மையத்தில் கேட்டால், "குறிப்புப் பகுதியில் எழுதி வையுங்கள் சார்" என்றார்கள். எழுதி வைத்தோம். தேடல் குறிப்புக்குள் பார்ப்பதில்லை. மொபைலில் குறிப்பு தெரிவதே இல்லை. அப்புறம்தான் சொன்னார்கள், மாற்றுப் பாக வசதி இருக்கிறதாம், மேல் திட்டத்துக்குப் பணம் கட்டினால் திறக்குமாம். பாகப் பதிவின் உயிர்நாடியைக் கூடுதல் கட்டணத்துக்குப் பின்னால் பூட்டி வைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

எல்லா பிராண்டையும் ஒரே பதிவில் கொட்டிவிடலாமே என்று சிலர் சொல்வார்கள். கொட்டினால் சராசரி விலை கலந்துவிடும், எந்த பிராண்ட் சீக்கிரம் போகிறது என்பது தெரியாமலே போகும். அதைவிட ஆபத்து, கண்ணை மூடிக்கொண்டு மாற்றுவது. 6205 இசட்இசட் அளவில் கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் அது தகர மூடி, உரசாமல் இடைவெளி விட்டு நிற்கும். பஞ்சு பறக்கும் இடத்தில் அதன் வழியே தூசு உள்ளே போய் கிரீஸைக் கெடுக்கும். சி3 என்று போட்டிருந்தால் உள்ளே குண்டுகளுக்கு விட்ட இடைவெளி அதிகம். சூடேறும் மோட்டாருக்கு அது வேண்டும், எல்லா இடத்துக்கும் வேண்டாம். எது எதற்குப் பதில், எந்த இயந்திரத்தில் மட்டும் என்று பொறியாளர் ஒருமுறை முடிவு செய்து பதிவில் பூட்டி வைத்தால், இரவு ஷிப்ட் ஃபிட்டர் யோசிக்க வேண்டியதில்லை. நான் கேட்பது அந்த ஒரு கட்டம்தான்.

சின்னக் குறை இன்னொன்று: ரீவைண்டிங் (காயிலை மறுபடி சுற்றுவது) செய்து திரும்பி வரும் மோட்டாரும் புது மோட்டாரும் ஒரே பதிவில், ஒரே விலையில் உட்காருகின்றன. நிலை என்று ஒரு கட்டம் வைத்திருக்கலாம். இதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன்.

நாங்கள் இந்த வருடமும் புதுப்பிக்கத்தான் போகிறோம். இத்தனை நாள் வரலாறும் அந்த 'எங்கே பயன்படுகிறது' பட்டியலும் உள்ளே இருக்கிறது, விட்டுவிட்டு வர மனசில்லை. ஆனால் புதிதாக வாங்குகிறவருக்கு என் பதில்: வேண்டாம். மேல் திட்டத்தின் விலையையும் சேர்த்துக் கட்டுப்படியானால் மட்டும் பேசுங்கள். டெமோவுக்கு வருகிறவரிடம் அவருடைய மாதிரித் தரவு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, உங்கள் ரேக்கில் உள்ள பேரிங்குகளை ஏற்றச் சொல்லுங்கள். பிறகு மொபைலில் 6205 டிடியூ என்று அடித்து, மற்ற பிராண்டுகளின் இருப்பும் சேர்ந்து வருகிறதா என்று அங்கேயே பாருங்கள்.