எங்க ஊர் ரேஷன் கடைக்கு மூணரை ஸ்டார், நோட்டுக் கணக்கோட

பிரியாணிக் கடைக்கும் செல்போனுக்கும் ஊரே ஸ்டார் போடுது. நான் எங்க ஊர் ரேஷன் கடைக்குப் போடுறேன். அஞ்சுக்கு மூணரை. நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவுல, பாமணியாத்துக் கரையோரம் இருக்கு ஊர். பேரு வேணாம், அடுத்த மாசமும் அதே கடை வாசல்ல பையோட நிக்கணும் நான்.

மொதல்ல சரக்கு. எங்க கார்டுல நாலு பேரு, ஆளுக்கு அஞ்சு கிலோன்னு இருபது கிலோ அரிசி, காசு கிடையாது. 2011 ஜூன் மாசத்துலேருந்து இப்படித்தான். அதுக்கு முன்னாடி கிலோ ஒரு ரூபா. அரிசி மாசத்துக்கு ஒரு குணமா வரும். போன மாசம் வந்தது வெள்ளையா, உடைசல் கம்மியா, சோத்துக்கே ஆகற மாதிரி இருந்துச்சு. அதுக்கு முந்தின மாசம் வந்ததுல மக்கு வாடை, நாலு தண்ணி அலசியும் போகல, எல்லாத்தையும் இட்லிக்குப் போட்டுட்டேன். ஒண்ணு சொல்லணும், இட்லிக்கு இதை அடிச்சுக்க அரிசி இல்ல. கடையில கிலோ ஐம்பது ரூபா கொடுத்து வாங்குற இட்லி அரிசியில கூட இந்தப் பூ மாதிரி வராது.

இன்னொண்ணு, அரிசியைக் களையும்போது சில மணி மேல மிதக்கும், கொஞ்சம் மஞ்சளா இருக்கும். எங்க மாமியார் பிளாஸ்டிக் அரிசின்னு சொல்லி மொறத்துல போட்டுப் பொறுக்கி எறிஞ்சுக்கிட்டு இருந்தாங்க. அது இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் பி12-ம் சேர்த்த மணி. நூறு கிலோ அரிசிக்கு ஒரு கிலோங்கிற கணக்குல கலந்தது. நர்ஸம்மா வந்து சொன்னதுக்கு அப்புறம் பொறுக்குறதை நிறுத்திட்டாங்க, முணுமுணுப்பு மட்டும் பாக்கி.

துவரம்பருப்பு கிலோ 30 ரூபா, பாமாயில் 25 ரூபா, சர்க்கரை கிலோ 25 ரூபா. இதுல குறை சொல்ல வாய் வராது. ஆனா எல்லாம் ஒரே நாள்ல கிடைச்சா அதிசயம். பருப்பு வந்த அன்னைக்கு எண்ணெய் இருக்காது, எண்ணெய் வந்திருக்குன்னு ஓடினா 'பருப்பு காலி அக்கா'. ஒரு மாசத்து ரேஷனுக்கு மூணு நடை. மூணு நடைக்கு என் ரெண்டு ரவிக்கைத் தையல் கூலி போச்சு.

எனக்கு இன்னொரு கஷ்டம் கை. தையக்காரி கை இது. ஊசி குத்திக் குத்திக் கட்டை விரல் ரேகை தேஞ்சு கிடக்கு. கடையில ரேகை பார்க்குற மிஷின்ல வச்சா பொருந்தலைன்னு வரும், சேலையில துடைச்சு வச்சாலும் அதேதான். கடைசியில இடது கை மோதிர விரலுக்குத்தான் மனசு இறங்கும். இப்ப கண்ணைக் காட்டுற மிஷினும் வந்திருக்கு. ஆனா எங்க கடையில அது பாதி நாள் தூங்குது.

அரை ஸ்டார் கழிச்சது உப்புக்காக. 'உப்பு ரெண்டு பாக்கெட்டு எடுத்துக்குங்கக்கா, எங்களுக்கும் டார்கெட்டு இருக்கு.' எடுக்கலைன்னா பருப்பு போடுற கை மெதுவாயிடும். எங்க வீட்டு அடுக்களையில இப்ப பதினோரு உப்புப் பாக்கெட்டு இருக்கு. மீதி ஒரு ஸ்டார் எடைக்கு. வீட்டுக்கு வந்து என் தராசுல வச்சா இருபது கிலோ ஒருநாளும் இருபது கிலோவா இருந்ததில்லை. தராசையும் மிஷினையும் இணைச்சதுக்கு அப்புறம் குறையிறது குறைஞ்சிருக்கு. போன மாசம் முந்நூறு கிராம்தான் கம்மி.

சரி, இலவசமா வாங்குற பொருளுக்கு இவ்வளவு குறை எதுக்குன்னு கேப்பீங்க. எங்க கொழுந்தனாரும் அதையேதான் கேட்டாரு. 2025 தீபாவளிக்கு சென்னையிலேருந்து வந்திருந்தாரு, கம்பெனியில வேலை. நான் உப்புக் கதையைச் சொல்லிக்கிட்டிருந்தேன். முறுக்கைக் கடிச்சுக்கிட்டே, "அண்ணி, நாங்க கட்டுற வரியிலதான் உங்களுக்கு அரிசியும் பஸ்ஸும் ஆயிரம் ரூபாயும். ஓசியில வாங்குறதுல நொட்டை சொல்லக் கூடாது"ன்னாரு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு. எனக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரலை.

மறுநாள் ஒரு நாப்பது பக்க நோட்டு எடுத்தேன். இடது பக்கம் வந்தது, வலது பக்கம் போனது. நவம்பர் மாசம் முழுக்க எழுதினேன்.

வந்த பக்கம் நேர்மையா எழுதணும்னு ஆரம்பிச்சேன். அரிசிக்கு என்ன விலை போடுறது? 2025-26 சீசனுக்கு மோட்டா நெல்லுக்கு மத்திய அரசு வச்ச ஆதார விலை குவிண்டாலுக்கு 2,369, மாநில அரசு 131 சேர்த்து 2,500. நூறு கிலோ நெல்லை அரைச்சா அரிசி அறுபத்தேழு கிலோ தேறும். அப்ப அரிசி கிலோ 37 ரூபாய்க்கு மேலயே ஆயிடுது. அரவைக் கூலி, சாக்கு, லாரின்னு போட்டா 40. இருபது கிலோவுக்கு 800. பருப்பு, எண்ணெய், சர்க்கரையில கடை விலைக்கும் ரேஷன் விலைக்கும் வித்தியாசம் 225. மகளிர் உரிமைத் தொகை 1,000. மக அரசுப் பள்ளியில படிச்சதால புதுமைப்பெண் திட்டத்துல இன்னொரு 1,000. மன்னார்குடி டவுன் பஸ்ஸுல எனக்கும் அவளுக்கும் டிக்கெட்டு கிடையாது, அது ரெண்டும் சேர்த்து 672. வீட்டுக் கரண்ட்டுல ரெண்டு மாசத்துக்கு நூறு யூனிட் இலவசம், அதை மாசத்துக்கு 240-ன்னு வச்சேன். எங்களுக்கு ஆறு மா நிலம், அதாவது ரெண்டு ஏக்கர், அதுக்கு பிரதமர் கிசான் பணம் வருஷத்துக்கு 6,000, மாசத்துக்கு 500. கூட்டினா 4,437.

யூரியாவை எழுதல. 45 கிலோ மூட்டை 266 ரூபா 50 காசுக்குத் தர்றாங்க, நிஜ விலை அதைப் போல பல மடங்கு. அதை எழுதினா அந்த அரிசியைத் திங்கிற எல்லாருக்கும் பங்கு போடணும், கொழுந்தனாரு உட்பட. ரோடு, பள்ளிக்கூடம், ஆத்துத் தண்ணியையும் அதே காரணத்துக்காக விட்டுட்டேன்.

போன பக்கம். வீட்டுக்காரரு பம்பு மெக்கானிக், டிவிஎஸ் எக்ஸெல் வண்டியில ஊர் ஊராப் போறவரு, மாசத்துக்குப் பத்து லிட்டர் பெட்ரோல். ஒரு லிட்டர்ல அப்ப மத்திய அரசு வரி 21 ரூபா 90 காசு. மாநில வரி 13 சதவீதம், அதுக்கு மேல 11 ரூபா 52 காசு. எப்படிப் பார்த்தாலும் லிட்டருக்கு 40-க்குக் குறையாது. 400-ன்னு எழுதினேன். மூணு போன் ரீசார்ஜுல 18 சதவீதம், 160. சோப்பு, பேஸ்ட்டு, பிஸ்கட் எல்லாம் செப்டம்பர் 22-லேருந்து 5 சதவீதத்துக்கு இறங்கிடுச்சு, அதனால இந்த வரி 86-தான். இறங்காம இருந்திருந்தா என் கணக்கு இன்னும் கெத்தா இருந்திருக்கும்! சிலிண்டர் 30. நூல், லைனிங் துணி, ஜிப்பு வாங்குனதுல 95. வருஷ ஆரம்பத்துல பாத்ரூம் கட்டினோம், அப்ப சிமெண்டுக்கு 28 சதவீதம். முப்பது மூட்டை வரியைப் பன்னெண்டு மாசத்துக்குப் பிரிச்சா 180. மொத்தம் 951.

951 எங்கே, 4,437 எங்கே. பேனாவை மூடி வச்சிட்டேன். கொழுந்தனாரு சொன்னது சரிதான் போலன்னு வயித்தைக் கலக்கிச்சு.

அப்பத்தான் வீட்டுக்காரரு உள்ளே வந்தாரு, அந்த வாடையோட. வரி கட்டிட்டு வர்றாரு! இது எப்படி எனக்குத் தோணாமப் போச்சு? வாரத்துக்கு நாலு குவார்ட்டர், ஒண்ணு 140. 2024-25-ல டாஸ்மாக்கால அரசுக்கு வந்த வருமானம் 48,344 கோடி. உரிமைத் தொகைக்கு 2025-26 பட்ஜெட்டுல ஒதுக்கினது 13,807 கோடி. எங்க தெருவுல பாதி ஆம்பளைங்க கொடுக்கிறதை மறுபாதி பொம்பளைங்க வாங்குறோம். பாட்டில் விலையில பெரும்பங்கு வரிதான், நான் பாதின்னு குறைச்சே போட்டேன். மாசம் 1,120. எங்க வீட்டுலேயே பெரிய வரிதாரரு அவருதான். அவருகிட்ட இதைச் சொல்லல, சொன்னா நெஞ்சை நிமித்திக்கிட்டு அஞ்சாவது குவார்ட்டருக்குக் கிளம்பிடுவாரு.

இப்ப 2,071. இன்னும் பாதிகூட வரலை.

அடுத்தது எந்தப் பக்கம் எழுதறதுன்னு தெரியாம தனித் தாள்ல எழுதி வச்சிருக்கேன். குறுவை அறுத்தது தீபாவளிக்கு முன்னாடி, அந்த மழையில. கொள்முதல் நிலையத்து வாசல்ல ஒன்பது நாள் நெல்லு கிடந்துச்சு. பகல்ல தார்ப்பாயை எடுத்துக் காயப்போடுறது, சாயங்காலம் இருட்டிக்கிட்டு வந்தா ஓடிப்போய் மூடுறது. ஒரு ராத்திரி காத்துல தார்ப்பாய் பறந்து, நானும் மாமியாரும் குடையைப் பிடிச்சுக்கிட்டு நெல்லு மேலயே உக்காந்திருந்தோம். காலையில கையை உள்ளே விட்டா அடி நெல்லு வெதுவெதுன்னு இருக்கு, ரெண்டு இடத்துல முளையும் விட்டிருச்சு. ஈரப்பதம் 17-க்கு மேல இருந்தா எடுக்க மாட்டாங்க. 22 வரைக்கும் தளர்த்தச் சொல்லி மாநில அரசு டெல்லிக்குக் கேட்டுக்கிட்டிருந்த நாளு அது. கடைசியில நூறு சிப்பம் போட்டோம். நாப்பது கிலோ சிப்பம், நாலாயிரம் கிலோ, சரியா ஒரு லட்ச ரூபா பேங்குல ஏறுச்சு. ஏறுறதுக்கு முன்னாடி சிப்பத்துக்கு நாப்பது ரூபான்னு நாலாயிரத்தை எண்ணி நிலையத்து ஆளுங்க கையில கொடுத்தாரு வீட்டுக்காரரு. எந்த நிலையம், எந்த ஊருன்னு கேக்காதீங்க, சம்பாவும் அங்கேதான் போடணும்.

பிஸ்கட்டுக்கு நூத்துக்கு அஞ்சு, ரசீதோட. எங்க நெல்லுக்கு நூத்துக்கு நாலு, ரசீது இல்லாம. இந்த நாலாயிரம் அரசாங்கத்துக்குப் போகல, ஆனா அரசாங்கத்து வாசல்லதான் போச்சு. அதை வலது பக்கத்துல எழுத மனசாட்சி விடல.

மார்கழி பொறந்ததும் மாமனார் திதிக்குக் கொழுந்தனாரு வந்தாரு. நோட்டை எடுத்து முன்னாடி வச்சேன். நல்ல பிள்ளை, உக்காந்து ஒவ்வொரு வரியா பார்த்தாரு. குவார்ட்டர் கணக்கு வந்த இடத்துல மட்டும் வாயைப் பொத்திக்கிட்டாரு.

"பாதிதான் கட்டுறேன் தம்பி, ஒத்துக்கறேன். இப்ப உங்க கணக்கைச் சொல்லுங்க. இந்த வருஷம் வருமான வரி எவ்வளவு?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அவருக்கு வருஷச் சம்பளம் பன்னெண்டு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல. 2025-26 நிதியாண்டுலேருந்து புது முறையில சம்பளக்காரங்களுக்குப் பன்னெண்டே முக்கால் லட்சம் வரைக்கும் வரி இல்ல.

"இந்த வருஷம் சைபர் அண்ணி."

"அப்ப நீங்களும் என்னை மாதிரி சோப்புலயும் பெட்ரோல்லயும்தானா?"

"போன வருஷம் கட்டினேன்ல"ன்னாரு. கட்டினாருதான், எழுபதாயிரத்துக்கு மேல, அதை நான் மறுக்கல. கார் வாங்கினதுலயும் வரி கட்டியிருப்பாரு, என்னை விட அவரு கட்டுறது ஜாஸ்தி. ஆனா 2011-ல அவரு இன்ஜினியரிங் சேர்ந்தப்ப முதல் பட்டதாரின்னு கட்டணச் சலுகை வாங்கிக் கொடுக்க, தாசில்தார் ஆபீஸுக்கு அஞ்சு நடை நடந்தது நான். அந்தச் சலுகையைக் கொடுத்த வருஷம் எங்க வீட்டுல யாருக்கும் வருமான வரி கிடையாது. யாரோ சோப்பு வாங்கினதுல, யாரோ குடிச்சதுல வந்த காசு. அதைச் சொன்னேன். "சரி அண்ணி, உப்பை நீங்க திட்டலாம்"ன்னாரு.

கடைக்கு வருவோம். புதுசா போறவங்களுக்கு: மாசத்துல முதல் ரெண்டு வெள்ளிக்கிழமை லீவு, அதுக்குப் பதிலா முதல் ரெண்டு ஞாயித்துக்கிழமை திறந்திருக்கும். பத்து தேதிக்குள்ள போனா பருப்பு நிச்சயம். பில்லு போட்டதும் போனுக்கு மெசேஜ் வரும். அதை அங்கேயே நின்னு படிங்க, வாங்காத சர்க்கரை அதுல இருந்தா அங்கேயே கேளுங்க. சேல்ஸ்மேன் தம்பி கெட்டவரு இல்ல, ரெண்டு கடையை ஒத்தை ஆளா பார்க்கிறாரு. இந்த மாசம் உப்பு வேணாம்னு சொன்னேன். ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துட்டு பருப்பைப் போட்டாரு. அதுக்காகத்தான் உப்புக்குக் கழிச்ச ஒண்ணு அரையாகி, மூணு மூணரை ஆச்சு.

திதி முடிஞ்சு கொழுந்தனாரு குடும்பம் கிளம்புற நேரம், அவரு சம்சாரம் அடுக்களைக்குள்ள வந்து மெதுவா, "அக்கா, உங்க இட்லி மாதிரி அங்க வரவே மாட்டேங்குது. அந்த ரேஷன் அரிசி ஒரு அஞ்சு கிலோ இருக்குமா?"ன்னுச்சு. என் தராசுல சரியா அஞ்சு கிலோ நிறுத்துக் கட்டிக் கொடுத்தேன், மேல ஒரு உப்புப் பாக்கெட்டும். அவங்க காரு திரும்பினதும் நோட்டை எடுத்து இடது பக்கத்துல கழிச்சு எழுதினேன்: சென்னைக்கு அஞ்சு கிலோ, 200 ரூபா.