எல்சிலிக்கா, தானே பழகிப் பார்ப்பதா: பாக்கூ பெண்களின் இரு வழிகள்

பாக்கூவைத் தலைநகராகக் கொண்ட அஜர்பைஜானில் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் பெண் கேட்டு வருவதுதான் எல்சிலிக்.

செலவு: எல்சிலிக் நிச்சயம் வரை போனால் மோதிரமும் ஹோன்சா எனப்படும் ரிப்பன் கட்டிய பரிசுத் தட்டுகளும் மாப்பிள்ளை வீட்டுப் பொறுப்பு. பழகிப் பார்க்க இரண்டு தேநீர்க் காசு போதும்.

மறுப்பது: எல்சிலிக்கில் இது அழகு. தேநீர் இனிப்பாக வந்தால் சம்மதம், சர்க்கரை இல்லாமல் வந்தால் இல்லை. யாரும் வாய் திறக்க வேண்டாம். ஆனால் மோதிரம் போட்டபின் விலகினால் பரிசுகளைத் திருப்பித் தருவதோடு ஊர்வாயையும் அடைக்க வேண்டும். பழகும்போது விலகுவது சுலபம், வெளியே தெரியாதவரை.

ரகசியம்: புல்வார் எனும் கடலோர நடைபாதையில் சேர்ந்து நடந்தாலும் சித்தி மகன் கண்ணில் படலாம். ஊர் பெரிது, உறவு அதைவிடப் பெரிது.

சட்டம்: இரண்டுக்கும் ஒன்றே. வயது 18, பதிவுக்கு முன் மருத்துவப் பரிசோதனை 2015 முதல் கட்டாயம். பதிவு செய்யாமல், முல்லா செய்துவைக்கும் மதத் திருமணமான கெபினை மட்டும் நம்பினால் மனைவிக்குச் சட்ட உரிமை கிடையாது. ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான்.

வீட்டு ஆதரவு முக்கியமென்றால் எல்சிலிக். குணம் தெரிந்தே முடிவெடுக்க வேண்டுமென்றால் பழகுவது. பலர் செய்வது மூன்றாவது: தானே தேர்ந்தெடுத்து, தாயிடம் மட்டும் சொல்லி, பிறகு அவன் வீட்டாரை எல்சிலிக்குக்கு வரச் சொல்வது.