ஒன்பது மாதம் வீடு தேடி வந்த மருத்துவ மாது: நோர்வூட் பக்கத்திலிருந்து ஒரு சேவை மதிப்பீடு

கடைக்கும் ஹோட்டலுக்கும் நட்சத்திரம் போட்டு எழுதும் நாம், ஒன்பது மாதமும் படியேறி வீட்டுக்கு வந்து, ஒரு சதமும் வாங்காமல் போகும் ஒரு சேவையைப் பற்றி ஒரு வரி எழுதுவதில்லை. இலங்கையின் மலையகத்தில், ஹட்டனுக்கு அப்பால், நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் வாழும் நான், என் இரண்டாவது பிள்ளையின் பிரசவத்துக்காக நம்பியிருந்த அரசாங்க மருத்துவ மாது சேவையை, அதன் நிறையோடும் குறையோடும் இங்கே எழுதுகிறேன். பத்திரங்களில் அவருக்குக் குடும்பநல உத்தியோகத்தர் என்று பெயர். லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், எல்லாருக்கும் அவர் ‘மிட்வைஃப் மிஸ்’.

முதல் பிள்ளையைப் பெற்றபோது எனக்குக் கிடைத்த அனுபவம் நல்லதல்ல. அந்த வைத்தியசாலையின் பெயர் இங்கே வேண்டாம். வலி தொடங்கி உள்ளே போன நேரத்திலிருந்து மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். எழுந்து நிற்கவோ, தண்ணீர் குடிக்கவோ, கூட வந்த அம்மாவைப் பார்க்கவோ விடவில்லை. கத்தினால் ஏச்சு விழுந்தது. எதற்காகச் சேலைன் ஏற்றினார்கள், எதற்காக வெட்டித் தைத்தார்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை; தையல் ஆறுவதற்கு ஒரு மாதத்துக்கு மேலானது. பிள்ளையும் நானும் நலமாக வீடு திரும்பினோம் என்பது உண்மை. ஆனால் அடுத்த பிள்ளை என்ற பேச்சை எடுத்தாலே அடிவயிறு கலங்கும் நிலையில் ஐந்து வருடம் இருந்தேன் என்பதும் உண்மை.

இரண்டாவது முறை கரு தங்கியதும், எட்டு வாரம் முடியுமுன்பே மிஸ்ஸிடம் போய்ப் பதிந்துகொண்டேன். பதிவு என்றால் பெயர் எழுதுவது மட்டுமல்ல. உயரம், நிறை, பிரஷர் எல்லாம் எடுத்த பின், முதல் பிரசவத்தில் என்ன நடந்தது என்று கேட்டு, நான் அழுது முடிக்கும்வரை பேனாவை மூடிவைத்துவிட்டுக் காத்திருந்தார். அன்று அவர் சொன்னது இப்போதும் நினைவிலிருக்கிறது: “தங்கச்சி, பயத்தையும் கர்ப்பிணி கார்ட்டில் எழுதுறதுக்கு ஒரு கட்டம் இருந்தா நல்லா இருக்கும். இல்ல. அதனால நான் மனசுல வச்சிக்கிறேன்.” அவர் வைத்துக்கொண்டார் என்பதற்கு அதற்குப் பின் வந்த மாதங்கள் சாட்சி.

மாதக் கிளினிக்கில் இரத்தம், சிறுநீர், சீனி, பிரஷர் என்று பார்க்க வேண்டியதையெல்லாம் பார்க்கிறார்கள். திரிபோஷா என்ற சத்துமாப் பைக்கற்றும் குளிசையும் தருகிறார்கள். அதைப் பற்றி விரித்து எழுத அவசியமில்லை. சேவையின் உயிர் வீட்டுக்கு வரும் வருகையில் இருக்கிறது. ஆறாம் மாதத்தில் என் இரத்தத்தின் அளவு இறங்கியிருந்தது. கிளினிக்கில் என்றால் “குளிசையை ஒழுங்காகக் குடியுங்கள்” என்று ஒரு வரியோடு முடிந்திருக்கும். மிஸ் மறுநாள் எங்கள் காம்பராவுக்கே (லய அறைக்கே) வந்து இஸ்தோப்பில் (வாசல் விறாந்தையில்) உட்கார்ந்தார். குளிசையை எப்போது குடிக்கிறேன் என்று கேட்டார், சாப்பிட்டதும் என்றேன். அதற்குப் பின் என்ன குடிக்கிறேன் என்று கேட்டார். வேறென்ன, பிளேன்டீதான் (பால் போடாத தேநீர்). அவர் சிரித்துவிட்டு, தேயிலையிலுள்ள சத்து இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்பில் சேரவிடாது என்று விளக்கினார். சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் இடையில் ஒரு மணித்தியாலமாவது விடச் சொன்னார். இரும்புக் குளிசையை விற்றமின் சீயோடு இரவிலும், கல்சியத்தை வேறு நேரத்திலும் குடிக்கச் சொன்னார். நாடு முழுவதற்கும் தேயிலை பறித்துக் கொடுக்கும் பெண்களுக்கு இதைச் சொல்ல ஒருவர் மலையேறி வர வேண்டியிருக்கிறது. அடுத்த பரிசோதனையில் இரத்தம் ஏறியிருந்தது.

கடைசி மாதங்களில் அவர் சொல்லித்தந்தவை இன்னும் பயனுள்ளவை. பிள்ளையின் அசைவைக் காலையிலிருந்து எண்ணி, பன்னிரண்டு மணித்தியாலத்துக்குள் பத்து அசைவு வராவிட்டால் மறுநாளைப் பார்க்காமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். படுத்தால் அடங்குவது பொய்வலி. படுத்தாலும் நடந்தாலும் அடங்காமல், இடைவெளி குறைந்துகொண்டே வருவது மெய்வலி. பனிக்குடம் உடைந்தாலோ, இரத்தம் பட்டாலோ, தலைவலியோடு கண் மங்கினாலோ வலிக்காகக் காத்திருக்கக் கூடாது. இவற்றை அவர் என்னிடம் மட்டும் சொல்லவில்லை. என் மாமியையும் கணவரையும் பக்கத்தில் இருத்திச் சொன்னார். பின்னிரவில் 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் எடுக்க வேண்டியவர் நானல்ல, அவர்கள்தான் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த அம்புலன்சுக்கும் காசில்லை.

இயற்கைப் பிரசவம் என்றதும் நம்மவர்களில் சிலர் பழைய மருத்துவச்சிப் பாட்டிகளின் காலத்தை நினைத்து ஏங்குகிறார்கள். என் அம்மாயி ஏழு பிள்ளைகளை லயக் காம்பராவிலேயே பெற்றவர், நால்வர்தான் வளர்ந்தார்கள். இலங்கையில் 1930களின் தொடக்கத்தில் ஒரு இலட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு 2000க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். இன்று அது ஐம்பதுக்கும் கீழே இறங்கியிருக்கிறது. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறைக்கும், அதன் கீழ் ஊர் ஊராக நடந்த மருத்துவ மாதுகளுக்கும் இந்த இறக்கத்தில் பெரும் பங்குண்டு. தோட்டங்களுக்கு அந்தச் சேவை முழுமையாக வந்துசேர்ந்தது வெகு காலத்துக்குப் பிறகுதான். தோட்ட வைத்தியசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியதே 1990களில். ஆகவே, நான் இயற்கைப் பிரசவம் என்று சொல்வது வைத்தியசாலையை விட்டு ஓடுவதை அல்ல. தேவையில்லாத தலையீடு இல்லாமல், தேவை வந்தால் உடனே கைகொடுக்கக்கூடிய இடத்தில், உடம்பு தன் வேலையைச் செய்ய விடுவதைத்தான் சொல்கிறேன்.

அப்படி ஒரு பிரசவம் எனக்கு வாய்த்தது. இம்முறை போனது வேறு வைத்தியசாலை. பிரசவ அறையில் கட்டிலுக்குக் கட்டில் திரைச்சீலை இருந்ததால், ஒரு பெண் துணைக்கு நிற்க அனுமதித்தார்கள். என் அக்கா வந்தாள். வாசலில் நின்ற கணவருக்கு அந்த அனுமதி இல்லை. அங்கே இருந்த மருத்துவ மாது ஐம்பது வயதைத் தாண்டிய சிங்களப் பெண்மணி. அவருக்குத் தெரிந்த தமிழ் இருபது சொல் இருக்கும். “தங்கச்சி, நடங்க. கொஞ்சம் நடங்க. மூச்சு... மெதுவா, மெதுவா.” இந்த இருபது சொல்லைக் கொண்டு அவர் ஆறு மணித்தியாலம் என்னை நடத்தினார். வலி வரும்போது கட்டிலின் கம்பியைப் பிடித்துக் குனிந்து நிற்கச் சொன்னார். இடுப்பின் பின்பக்கத்தை உள்ளங்கையின் அடிப்பாகத்தால் எப்படி அழுத்துவது என்று அக்காவின் கையைப் பிடித்து வைத்துக் காட்டினார். வலி ஓயும்போது சீனி போட்ட இளஞ்சூட்டுத் தேநீரை ஒவ்வொரு மிடறாகத் தந்தார். (அன்று மட்டும் பிளேன்டீக்குத் தடை இல்லை.) இடையிடையே பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்டு, விரலால் சரி என்று சைகை காட்டிவிட்டுப் போவார்.

என் வலி மெதுவாகத்தான் முன்னேறியது. மணிக்கு ஒரு சென்ரிமீற்றர் கருப்பை வாய் திறக்க வேண்டும் என்ற பழைய கணக்கில் என்னை அளந்திருந்தால், மீண்டும் சேலைனும் ஊசியும்தான் வந்திருக்கும். அந்தக் கணக்கு எல்லாப் பெண்களுக்கும் பொருந்தாது என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட பரிந்துரைகளிலேயே இருக்கிறது. விரும்பிய துணையை அருகில் வைத்திருப்பது, நடமாடுவது, வழமையாக வெட்டாமல் இருப்பது ஆகியவையும் அதில் உண்டு. அந்த அம்மா பரிந்துரையைப் படித்தாரோ தெரியாது. தாயும் பிள்ளையும் நலமாயிருக்கும்வரை அவசரப்படுத்தக் கூடாது என்பதைக் கையால் அறிந்திருந்தார். கடைசி நேரத்தில் என்னை மல்லாக்கப் போடாமல் இடப்பக்கம் சரித்துப் படுக்க வைத்து, வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் கீழே அணைத்துப் பிடித்தார். “இப்ப வேணாம்... இப்ப வேணாம்... ஊதுங்க” என்று சொல்லிச் சொல்லியே தலையை மெல்ல வரவிட்டார். வெட்டவில்லை. சிறு கிழிசலுக்கு இரண்டே தையல்.

பிள்ளையைத் துடைத்து நேரே என் நெஞ்சில் போட்டார்கள். தொப்புள்கொடியை உடனே வெட்டாமல், அதிலுள்ள துடிப்பு ஓயும்வரை விட்டார்கள். அக்கா விரலை வைத்து அந்தத் துடிப்பைத் தொட்டுப் பார்த்தாள். அதே வேளையில் என் தொடையில் ஒக்சிடோசின் ஊசி போட்டார்கள். பிரசவத்துக்குப் பின் பெருகும் இரத்தம்தான் தாய்மாரின் உயிரைக் குடிக்கும் முதல் எதிரி என்பதால், எல்லாம் சுமுகமாக முடிந்தாலும் இந்த ஊசியை மட்டும் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். இயற்கை என்ற சொல்லில் மயங்கி இதை மறுக்க நினைப்பவர்களுக்காகவே இதைச் சொல்கிறேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண்ணுக்குப் பிரஷர் ஏறியதை முதலில் கண்டுபிடித்ததும் அதே மருத்துவ மாதுதான். உடனே வைத்தியரை அழைத்து, அரை மணித்தியாலத்துக்குள் அந்தப் பெண்ணைச் சத்திர சிகிச்சைக்கு அனுப்பினார். எப்போது காத்திருப்பது, எப்போது காத்திருக்கக் கூடாது என்பது ஒரே கையில் இருந்ததை அன்று பார்த்தேன்.

இனிக் குறைகள். ஒன்பது மாதம் என்னை அறிந்த மிஸ் வைத்தியசாலை வாசலோடு நின்றுவிடுகிறார். அவரது வேலை வெளிக்களம். பிரசவ அறை வேறொருவருடையது. நான் எதற்குப் பயப்படுகிறேன் என்பது அவர் மனதில் இருந்தது; கார்ட்டில் இல்லை. உள்ளே நல்ல மனுஷி வாய்த்தது என் அதிர்ஷ்டம். முதல் பிள்ளைக்கு அந்த அதிர்ஷ்டம் இருக்கவில்லை. கர்ப்ப காலத்திலிருந்து பிரசவம்வரை ஒரே மருத்துவ மாது குழுவே பார்க்கும் முறை சில நாடுகளில் இருக்கிறது. இங்கே அது வராவிட்டாலும், வெளிக்கள மிஸ் எழுதும் நாலு வரியைப் பிரசவ அறையில் ஒருவர் வாசித்தாலே பாதி வழி வந்த மாதிரி.

மொழி அடுத்தது. என் கார்ட்டில் இருந்த குறிப்புகளில் பெரும்பாலானவை சிங்களத்தில் எழுதப்பட்டவை. நான் கொஞ்சம் சிங்களம் வாசிப்பேன். பணிய (கீழ்) லயத்துப் பெண்கள் பலர் வாசிக்க மாட்டார்கள். தன் உடம்பைப் பற்றி எழுதியதைத் தானே வாசிக்க முடியாமல், மருந்துக் கடைக்காரரிடம் நீட்டி அர்த்தம் கேட்கும் நிலை நல்லதல்ல. அந்த இருபது சொல் அம்மாவின் அன்பு பெரிது. ஆனால் அவசரம் வந்திருந்தால் இருபது சொல் போதாது. தமிழ்ப் பிள்ளைகள் இந்தப் பயிற்சிக்கு விண்ணப்பிப்பது குறைவு என்று மிஸ் வருத்தத்தோடு சொன்னார். ஒன்றரை வருடப் பயிற்சி; முடித்ததும் அரசாங்க வேலை. உயர்தரம் எழுதிவிட்டுக் கொழும்புக் கடைகளுக்குப் போகக் காத்திருக்கும் நம் பெண் பிள்ளைகளுக்கு இதை யாராவது சொல்ல வேண்டும்.

பிரசவத்துக்குப் பின் வரும் வருகைகளில் குறை சொல்ல எதுவுமில்லை. முதல் பத்து நாளில் இரண்டு தடவை, மூன்றாம் கிழமையில் ஒரு தடவை, நாற்பத்திரண்டாம் நாளளவில் ஒரு தடவை என்று மிஸ் வந்தார். மாமி பிள்ளையின் நாக்கில் சேனை தொட்டு வைக்கச் சர்க்கரைத் தண்ணீரோடு காத்திருந்தபோது, அவரை நோகடிக்காமல் தடுத்ததும் இவர்தான். “அம்மா, நீங்க தூக்கி ஆசீர்வாதம் பண்ணுங்க. வாயில வைக்கிறது ஆறு மாசத்துக்கு இவ பால் மட்டும்.” மாமி அரை மனதோடு டம்ளரைக் குசினிக்குக் கொண்டுபோனார். பத்தியத்திலும் சமரசம் செய்தார்: காயத்தை (பிரசவ மருந்துச் சரக்கை) அரைத்துக் கொடுங்கள், பூண்டும் கருவாடும் போடுங்கள், ஆனால் தண்ணீரைக் குறைக்காதீர்கள், கீரையை நிறுத்தாதீர்கள் என்றார்.

நட்சத்திரம் கேட்பவர்களுக்கு: வெளிக்களச் சேவைக்கு ஐந்துக்கு ஐந்து, பிரசவ அறைக்கு, யார் கடமையில் இருக்கிறார் என்பதைப் பொறுத்து இரண்டும் வரும், ஐந்தும் வரும். ஆகவே ஏழாம் மாதத்திலேயே, துணைக்கு ஒருவர் நிற்கலாமா, எழுந்து நடக்க விடுவார்களா என்று போகவிருக்கும் வைத்தியசாலையில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பிரிவு மிஸ் இரண்டு மாதத்துக்கு முன் இடமாற்றம் பெற்றுப் போய்விட்டார். அவர் இடத்துக்கு இன்னும் ஆள் வரவில்லை. பக்கத்துப் பிரிவு மிஸ் புதன்கிழமைகளில் மட்டும் பிள்ளைக் காம்பராவுக்கு (தோட்டத்துக் குழந்தைக் காப்பகத்துக்கு) வருகிறார். கொழுந்து கூடிய காலத்தில் அதற்காக அரைப்பேரை (அரைநாள் கூலியை) இழக்க வேண்டியிருக்கிறது என்று பெண்கள் முறையிடுகிறார்கள், அதில் நியாயமுண்டு. இப்போதைக்கு, காலை எட்டு மணிக்கு முன் வந்து கொப்பியில் பெயர் எழுதிவிட்டால் பெரட்டு (காலை ஆளெடுப்பு) முடிந்து மலைக்கு ஏறுமுன் பார்த்துவிடுவார். பதினொரு மணிக்குப் பின் போனால் அவர் மேட்டு லயத்துக்கு ஏறியிருப்பார்.