மனம் விலகிப்போகிறவர்களுக்கு எந்தச் சிகிச்சை? சி.பி.டி., பி.இ., இ.எம்.டி.ஆர்.: ஓர் அலசல்

பாலியல் வன்முறைக்குப் பிறகு வரும் பி.டி.எஸ்.டி. எனும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநலக் கோளாறுக்குப் பலமான ஆதாரமுள்ள பேச்சுச் சிகிச்சைகள் மூன்று: எண்ணங்களைச் சீராய்ந்து பார்க்கும் சி.பி.டி. (CPT, Cognitive Processing Therapy), நினைவை நேருக்கு நேர் சந்திக்க வைக்கும் பி.இ. (PE, Prolonged Exposure), கண்ணசைவோடு நினைவைக் கையாளும் இ.எம்.டி.ஆர். கெட்ட கனவு, திடுக்கிடல், பழைய காட்சி திடீரென்று கண்முன் வந்து நிற்பது எல்லாம் மூன்றிலுமே குறையும். மாத்திரைகளில் செர்ட்ராலின், பராக்செட்டின் துணைக்கு உதவும். மனம் தன் உடம்பையும் சுற்றத்தையும் விட்டு விலகிப்போகும் மனவிலகலுக்கென்று தனி மாத்திரை கிடையாது. இதுவரை பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

தேர்வு கடினமாவது மனவிலகலும் சேர்ந்திருக்கும்போதுதான். “உடம்பு இங்கே இருக்கு, நான் இங்கே இல்லை” என்பார்கள். தன்னையே வெளியில் நின்று பார்ப்பது போல இருக்கும். சுற்றியுள்ள எல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடப்பது போலத் தோன்றும். 2013-ல் வந்த டி.எஸ்.எம்.-5 என்னும் அமெரிக்க மனநோய் வகைப்பாட்டு நூல் இதை பி.டி.எஸ்.டி.யின் ஓர் உட்பிரிவாகவே சேர்த்தது. ஓடவும் முடியாமல் எதிர்க்கவும் முடியாமல் போன நேரத்தில் மூளை எடுத்துக்கொண்ட தற்காப்பு அது. பிறகு ஒரு வாசனை, ஒரு காலடிச் சத்தம் போதும், மனம் தானாகவே அந்த வழியில் கிளம்பிவிடும்.

எங்கள் கணக்கில் தேர்வைத் தீர்மானிக்கும் கேள்வி ஒன்றே: சிகிச்சையின் நடுவே அவர் மனம் இப்படி நழுவுவது எவ்வளவு சீக்கிரம் வெளியே தெரிகிறது, திரும்பி வருவது எவ்வளவு எளிது? நினைவைத் தொடும் நேரத்தில் ஆள் அங்கே இல்லையென்றால், ‘அது முடிந்துவிட்டது, இப்போது ஆபத்தில்லை’ என்பதை மூளை கற்றுக்கொள்ளாது. வேதனை மட்டும் மிஞ்சும், அல்லது ஒன்றுமே நடக்காது.

பி.இ.யில் வழக்கமாக 90 நிமிட அமர்வுகள், 8 முதல் 15 வரை. கண்ணை மூடி, நிகழ்காலத்தில், சம்பவத்தைத் திரும்பத் திரும்ப 30–45 நிமிடம் சொல்ல வேண்டும். சொன்னதன் ஒலிப்பதிவை வீட்டில் தினமும் கேட்க வேண்டும். நடுநடுவே துயர அளவை 0 முதல் 100 வரை கேட்பார்கள். பொறி இங்கேதான். எண் 80-லிருந்து 20-க்கு இறங்கினால் பயம் தணிந்தது போலத் தெரியும். மரத்துப்போனாலும் எண் அதே மாதிரிதான் இறங்கும். குரல் தட்டையாகி, ‘நான்’ என்பது ‘அவள்’ ஆகி, கேட்டதற்குப் பதில் தாமதமாக வந்தால் அது தணிவு அல்ல, நழுவல். தேர்ந்தவர்கள் கண்ணைத் திறக்கச் சொல்லி, இறந்தகாலத்துக்கு மாற்றி, இடையிடையே பேச்சுக் கொடுத்துச் சமாளிப்பார்கள். வீட்டில் தனியாக ஒலிப்பதிவு கேட்கும்போது அந்த உதவிக்கு யார் இருக்கிறார்கள்?

சி.பி.டி. பக்கம் நாங்கள் சாய்வது இதனால்தான். 12 அமர்வுகள், ஒவ்வொன்றும் 50–60 நிமிடம். சம்பவம் தன்னைப் பற்றியும் பிறரைப் பற்றியும் உலகத்தைப் பற்றியும் என்ன நம்ப வைத்தது என்பதை முதலில் எழுத வேண்டும். அதிலிருந்து சிக்கிக்கொண்ட எண்ணங்களைப் பிரித்தெடுத்து, படிவம் படிவமாக ஆராய்வார்கள். சி.பி.டி.யில் சம்பவத்தையே எழுதும் வகை, எழுதாத வகை என்று இரண்டு உண்டு. எழுதும் வகையில், மூன்றாம் அமர்வின் முடிவில் அந்த வேலை கொடுக்கப்படும்: கையால், பார்த்தது, கேட்டது, நினைத்தது, உணர்ந்தது உட்பட. தாங்க முடியாவிட்டால் நிறுத்தி, நின்ற இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு, பிறகு அங்கிருந்து தொடரலாம். நான்காம் அமர்வில் சத்தமாக வாசித்து, மறுபடி விரிவாக எழுதி, ஐந்தாம் அமர்வில் வாசிப்பார்கள்.

அந்தக் கோடு சாதாரணக் கோடல்ல. மனம் எங்கே விலகியது என்பதை அதுவே காட்டுகிறது. கதவு சாத்தியது வரை மூன்று பக்கம், அடுத்த வரியில் தெருவில் நடந்துகொண்டிருக்கிறார் என்றால், இடையில் விட்டுப்போனது எதுவென்று இருவருக்கும் தெரியும். பேச்சில் வழுக்கிப் போவது காகிதத்தில் அகப்படும். பாலியல் அல்லது உடல் வன்முறைக்கு ஆளான பெண்களிடம் செய்த ஆய்வை வைத்து 2012-ல் வந்த கட்டுரையும் இதற்குப் பொருந்துகிறது: மனவிலகல் அதிகமிருந்தவர்களுக்குச் சம்பவத்தை எழுதும் சி.பி.டி. கூடுதலாகப் பலித்தது, குறைவாக இருந்தவர்களுக்கு எழுதாத வகை.

இன்னொரு காரணம், குற்ற உணர்வு. “நான் ஏன் கத்தவில்லை?” என்பது பலரின் நெஞ்சில் தைத்த முள். 2017-ல் வெளியான ஸ்வீடன் ஆய்வில், பாலியல் வல்லுறவுக்குப் பின் சிகிச்சைக்கு வந்த 298 பெண்களில் 70 சதவீதம் பேர் அந்த நேரத்தில் கணிசமான அளவு அசைய முடியாமல் உறைந்திருந்தார்கள். உறைந்தது உடம்பின் அனிச்சை, சம்மதம் அல்ல. இந்த முள்ளைத்தான் சி.பி.டி. நேராகப் பிடுங்க முயல்கிறது.

இ.எம்.டி.ஆர்.ன் பெரிய பலம், நடந்ததை விவரமாகச் சொல்ல வேண்டியதில்லை, வீட்டுப்பாடமும் குறைவு. வாய் திறக்கவே முடியாதவருக்கும் எழுத்தை வெறுப்பவருக்கும் அது நல்ல வழி. ஆனால் மௌனத்தில் நழுவல் ஒளிந்துகொள்ளும். சிகிச்சையாளர் அசைக்கும் விரலைத் தொடர்வதை விட்டுக் கண் ஓரிடத்தில் நிலைத்தால், அந்தச் சுற்றை அங்கேயே நிறுத்த வேண்டும்.

எந்த முறையானாலும் திரும்பக் கூட்டிவரும் வழி ஒன்றுதான்: பெயர் சொல்லிக் கூப்பிடுவது, இன்றைய தேதியையும் இடத்தையும் சொல்வது, பாதத்தைத் தரையில் அழுத்தச் சொல்வது, எழுந்து நிற்க வைப்பது, குளிர்ந்த பாட்டிலைக் கையில் கொடுப்பது, அறையில் நீல நிறப் பொருட்களை எண்ணச் சொல்வது. கேட்காமல் தொடவே கூடாது. கண்ணை மூடி மூச்சை ஆழமாக இழுக்கச் சொல்வது சிலரை இன்னும் உள்ளே தள்ளிவிடும்.

இதைப் பழக்க இரண்டு மூன்று அமர்வு பெரும்பாலும் போதும் என்பது எங்கள் கருத்து. ‘முதலில் நிலைப்படட்டும்’ என்று வருடக்கணக்கில் தள்ளிப்போடுவது வேதனையை நீட்டிக்கிறது. மனவிலகல் உள்ளவர்களுக்கு இந்தச் சிகிச்சைகள் பலிக்காது என்பதற்கும் ஆய்வுகள் இடம் கொடுப்பதில்லை. ஆனால் சிறுவயது முதல் நடந்த கொடுமையால் ஆளே பல பகுதிகளாகப் பிரிந்திருப்பவர்கள் இந்த ஆய்வுகளில் அதிகம் சேர்க்கப்பட்டதில்லை. அவர்களிடம் எங்கள் சாய்வை அப்படியே பொருத்த மாட்டோம். வன்முறை செய்தவர் இன்னும் அதே வீட்டில் இருந்தால் எந்தச் சிகிச்சைக்கும் முன்னால் பாதுகாப்பு.

சிகிச்சையாளரிடம் முதல் நாளே கேளுங்கள்: “நடுவில் நான் இங்கே இல்லாமல் போனால் உங்களுக்கு எப்படித் தெரியும்? தெரிந்தால் என்ன செய்வீர்கள்?” தெளிவான பதில் வராவிட்டால், அவர் எந்த முறையைச் செய்தாலும் வேறு ஆளைத் தேடுங்கள்.