பழைய மிச்செல், பென் ரீல்கள்: கடலூர், புதுச்சேரிக் கரையில் இன்றும் எடுபடுமா?

தங்கூஸ் (ஒற்றை இழை நைலான் நரம்பு) சுற்றி, இரை கோத்து, ராடை (தூண்டில் கோலை) மணலில் ஊன்றி வைத்து மீன் பிடிக்கிறவருக்குப் பழைய ஸ்பின்னிங் ரீல் இன்றும் தாராளமாகப் போதும். பிரெய்டு (பின்னல் நரம்பு) சுற்றி நாள் முழுக்க லூர் (செயற்கை இரை) எறிகிறவருக்கு அது சரிவராது. தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் நிற்கிறவரும் சுண்ணாம்பாற்று முகத்துவாரத்தில் கொடுவாவுக்கு லூர் எறிகிறவரும் ஒரே ரீலைப் பற்றி நேர்மாறாகப் பேசுவது இதனால்தான். இருவர் சொல்வதும் சரி.

பழையதில் இரண்டை எடுத்துக்கொள்வோம். ஒன்று பிரான்ஸின் க்ளூஸ் ஊரில் தயாரான மிச்செல் 300. முதல் மிச்செல் 1939இல் வந்தது. பிரான்ஸோடு தொடர்புள்ள புதுச்சேரி வீடுகளின் பரணில் ஒன்று கிடந்தால் ஆச்சரியமில்லை. இன்னொன்று அமெரிக்காவின் பென் 704 இசட். கறுப்பும் பொன்னிறமுமாக, ஏறக்குறைய 740 கிராம் கனக்கும். புதியதில் டைவா பிஜி 4000, பென் ஸ்பின்ஃபிஷர் 6.

முதல் வித்தியாசம் வேகம். 704 இசட்டின் கியர் விகிதம் (கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு, நரம்பைச் சுற்றும் ரோட்டர் எத்தனை சுற்று) 3.8:1, பிஜி 4000இன் விகிதம் 5.7:1. 55 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஸ்பூல் (நரம்பு ஏறும் உருளை) என்று வைத்தால், கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு முதல் விகிதத்தில் சுமார் 66 செ.மீ. நரம்பு ஏறும், இரண்டாவதில் 98 செ.மீ. சீலா, பாறை மீன்களுக்கு ஜிக் என்ற உலோக லூரை நொடிக்கு ஒன்றரை மீட்டர் வேகத்தில் இழுக்கவேண்டும் என்றால், பழையதில் நொடிக்கு இரண்டேகால் சுற்று. பத்து நிமிடத்தில் மணிக்கட்டு கெஞ்சும். ஆனால் அதே குறைந்த விகிதம் 100 கிராம் ஈயத்தையும் அதில் சிக்கிய பாசியையும் அலைக்குள்ளிருந்து இழுக்கும்போது வரம். கைப்பிடி முரண்டு பிடிக்காது.

அடுத்தது பெயில், அதாவது நரம்பைப் பிடித்து ஸ்பூலில் ஏற்றும் வளைந்த கம்பி. பழைய ரீல்களில் முதலில் சாகும் பாகம் பெயில் ஸ்பிரிங்தான். அது தளர்ந்தால் பெயில் பாதியில் நிற்கும், அல்லது பலமாக எறியும்போது தானே மூடிக்கொள்ளும். நரம்பு பட்டென்று அறுந்து ஈயம் மட்டும் கடலுக்குப் போகும். பக்கத்தில் ஆள் நின்றால் ஆபத்து. மிச்செல் வைத்திருப்பவர் கையில் இரண்டு ஸ்பிரிங்காவது உதிரியாக இருக்கட்டும். 704 இசட்டின் அதே உடம்போடு, பெயிலே இல்லாமல் வந்தது 706 இசட். எறிந்ததும் விரலால் நரம்பை எடுத்து ரோலரில் (நரம்பு ஓடும் சிறு உருளையில்) போட வேண்டும். பழகிவிட்டால் இருட்டிலும் செய்யலாம். கெட்டுப்போகப் பெயிலே இல்லை. கரை மீன்பிடிப்புக்குப் பழையவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நம் ஓட்டு இதற்குத்தான்.

பிரெய்டு விஷயத்தில்தான் பழையது உண்மையில் தோற்கிறது. தங்கூஸ் காலத்து லைன் ரோலர் பலவற்றில் சுழலாது, அல்லது உப்பேறி நின்றிருக்கும். மெல்லிய பிரெய்டு ஒரே இடத்தில் உரசி அதில் கோடு போடும், பிறகு அந்தக் கோடே பிரெய்டை அறுக்கும். ஒரு பஞ்சுத் துணுக்கை ரோலர்மேல் தேய்த்துப் பாருங்கள். இழை மாட்டினால் அந்த ரோலர் முடிந்தது. போதாக்குறைக்கு, பழைய ரீலில் கைப்பிடியைப் பின்னால் தள்ளினால், பின்சுழற்சியைத் தடுக்கும் ராட்செட் பல்லில் விழும் வரை ஆடும். கொடுவா அடிக்கும் கணத்தில் அந்த ஆட்டம் முள்ளைப் பதியவிடாது. புதியவற்றின் ஒருவழி கிளட்ச் அந்த ஆட்டத்தை அறவே எடுத்துவிடுகிறது. அதற்கும் ஒரு பலவீனம் உண்டு: சர்வீஸ் செய்கிறவர் கெட்டி கிரீஸை கிளட்ச் உருளைகளில் அப்பினால், அவை வழுக்கி, கைப்பிடி பின்னோக்கிச் சுற்றும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் சரியாகும்.

மீன் பலமாக இழுக்கும்போது நரம்பை அறாமல் வழுக்கவிடும் பிரேக்தான் டிராக். அதை வயதை வைத்து எடை போடாதீர்கள், சோதித்துப் பாருங்கள். நரம்பை ஒரு தூக்குத் தராசில் கட்டி, மெதுவாக இழுங்கள். 9 கிலோ தாங்கும் நரம்புக்கு டிராக் 2.25 முதல் 3 கிலோ வரை இருந்தால் போதும். கவனிக்க வேண்டியது புறப்படும் இடம்: 3 கிலோவில் அசைந்து, ஓடும்போது 2 கிலோவுக்கு இறங்கினால் வாஷர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெரிய காலா மீன் முதல் ஓட்டத்திலேயே அறுத்துக்கொண்டு போகும். பழைய வாஷர்களைக் கழற்றிய வரிசையிலேயே துணியில் அடுக்கித் துடைத்து, தேய்ந்திருந்தால் அதே அளவில் கார்பன் வாஷர் போட்டால், மிச்செல்லும் வழுக்கிக்கொண்டு ஓடும்.

உப்பைப் பொறுத்தவரை, சீல் போட்ட புதிய ரீலை அது ஒன்றும் செய்யாது என்ற மூடநம்பிக்கையை உடைக்க வேண்டும். ஸ்பின்ஃபிஷர் 6க்கு ஐபிஎக்ஸ்5 தரத்தில் சீல் உண்டு. பீய்ச்சும் நீரைத் தடுக்கும் தரம் அது. அலையில் முக்கி எடுப்பதற்கானது அல்ல. முக்கினால் உள்ளே போன உப்புநீர் வெளியே வரவும் வழியில்லாமல் பேரிங்கைத் தின்னும். பழையதில் நீர் சுலபமாகப் புகும், ஆனால் பக்கத் தகட்டைக் கழற்றினால் எல்லாம் கண்ணெதிரே. இறுகிய கிரீஸை மண்ணெண்ணெயும் பல் துலக்கும் பிரஷும் கொண்டு எடுத்து, நன்றாகக் காயவிட்டு, மரைன் கிரீஸைப் பற்களில் மெல்லிசாகத் தடவினால் போதும். உள்ளே அடைத்து நிரப்பக் கூடாது. திருகுகளின் மரையிலும் கொஞ்சம் தடவுங்கள், இல்லையென்றால் எவர்சில்வர் திருகு அலுமினிய உடம்போடு வெள்ளைப் பொடி பூத்து இறுகிவிடும். தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டவே வேண்டாம்: மார்கழி இரவில் உறையும், பிறகு பிசினாகும்.

கழுவுவது இரண்டுக்கும் ஒன்றே. டிராக்கை இறுக்கி, நல்ல தண்ணீரைத் தூறலாகத் தெளித்து, துடைத்து, டிராக்கைத் தளர்த்தி நிழலில் காய வைக்க வேண்டும். குழாயைத் திருகி வேகமாக அடித்தால் உப்பும் மணலும் உள்ளேதான் போகும்.

பேரிங் தேய்ந்தால் புதியதுக்கும் பழையதுக்கும் வைத்தியம் ஒன்று: உள்விட்டம், வெளிவிட்டம், கனம் மூன்றையும் வெர்னியரில் அளந்துகொண்டு பேரிங் கடைக்குப் போகலாம். பெயில் கை, ராட்செட் பல் போன்றவை அப்படிக் கிடைக்காது. பழையதை வாங்குவதா என்ற கேள்வி அங்கேதான் தீர்மானமாகிறது.

காந்தி வீதி சண்டே மார்க்கெட்டிலோ வேறெங்கோ ஒரு பழைய ரீல் கண்ணில் பட்டால், பெயிலைத் திறந்து கைப்பிடியைச் சுற்றிப் பத்து முறை மூடிப் பாருங்கள். கையால் தள்ளி மூடாதீர்கள், பழையவை அப்படி அமைக்கப்பட்டவை அல்ல. பின்சுழற்சியைத் தடுக்கும் ஆன்டி ரிவர்ஸ் சுவிட்சைப் போட்டு ரோட்டரைப் பின்னால் தள்ளுங்கள். ஒரே இடத்தில் நின்றால் சரி, சில நேரம் நழுவினால் பல் தேய்ந்தது. கைப்பிடியை மெல்லச் சுற்றும்போது ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் கரகரத்தால் கியர் பல் போயிருக்கிறது. அதை வாங்குவதென்றால் உதிரிபாகத்துக்கென்று, அந்த விலைக்கு மட்டும் வாங்குங்கள்.